தூக்கிப் பார்த்து வாங்கிய மிஷின்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமா? சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று தேய்த்துவிட்டு வந்தால் உனக்குக் கால் வீங்குமே, இப்போது எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது தாளும் வீணாகக் கூடாது என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன். என் வெல்டிங் மிஷின் படுத்துவிட்டது. பதினோரு வருடம் உழைத்தது. மிஷினுக்குள் கம்பி சுற்றித் தருகிற வைண்டிங் கடைக்காரர் போன முறை எப்படியோ உயிர் கொடுத்தார். இந்த முறை மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடிவிட்டார். "இனிமே இதைத் தூக்கிட்டு வராதீங்கண்ணே, எனக்கே பாவமா இருக்கு" என்கிறார்.

மேஸ்திரி ஒருவர் பெரிய ஆர்டர் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாடிக்குப் படிக்கட்டுக் கைப்பிடி, பதினெட்டு ஜன்னலுக்கு கிரில். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. பிப்ரவரியில் வேலையைத் தொடங்க வேண்டும். மிஷின் இல்லையென்று தெரிந்தால் அடுத்த தெருவில் இருக்கிற பெரிய பட்டறைக்குக் கொடுத்துவிடுவார்.

எதிரே தையல்கடை வைத்திருக்கிற அம்மாவை உனக்கு நினைவிருக்கும். நான் இங்கே ராடை வைத்தால் அங்கே அவர் கடை விளக்கு மங்கும். ஊசியில் நூல் கோர்க்கிற நேரம் பார்த்து மங்கினால் அங்கிருந்தே திட்டு விழும். மூன்று வாரமாக அவர் நிம்மதியாக நூல் கோர்க்கிறார். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னால் முடிந்தால் உதவி செய். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நீட்டுவது எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும். போன் செய்யாதே. தகரக் கூரைக்குள் என் பட்டன் போனுக்கு சிக்னலே கிடைப்பதில்லை. கடிதமே போடு.

உன் தம்பி

*

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். கால் வீக்கம் தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே நாளை ஓட்டுகிறாயா?

மிஷின் வாங்க அக்காவிடம் கேட்பதற்கு மூன்று தாளைக் கிழித்தாயாம். சின்ன வயதில் என் உண்டியலை உடைத்தபோது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது? பணம் அடுத்த வாரம் வந்து சேரும். கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம், என் கால் படியேற மாட்டேன் என்கிறதே என்று. அதற்கு வைத்திருந்த முன்பணம்தான். முதலில் "குடுத்துடு" என்று சொன்னது உன் அத்தான், நான் இல்லை. அதை மனதில் வை.

எங்கள் வீட்டுப் பக்கத்து மின்சாமான் கடையில் விசாரித்தேன். இன்வெர்ட்டர் மிஷின் என்று கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக வருகிறதாம். மின்சாரம் கம்மியாக இழுக்குமாம், விளக்கு மங்காதாம், இரண்டு வருடம் உத்தரவாதமாம். கடைக்காரர் அதைக் குழந்தையைக் காட்டுவது போல் காட்டினார். அதையே வாங்கு. பில்லோடு வாங்கு.

இன்னொன்று. போன தடவை நீ வந்தபோது அத்தான் எதிரே உட்கார்ந்து உன்னிடம் ஏதோ கேட்டார். நீ பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவர் அன்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பேருந்து ஓட்டிவிட்டு வந்த களைப்பில், "உன் தம்பிக்கு என்னைக் கண்டாலே ஆகலை போல" என்றார். அப்படியும் பணம் கொடுக்கச் சொல்கிறார். அவருக்கு இரண்டு வரி எழுது.

அன்புடன் அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும்,

நலம். பணம் வந்து சேர்ந்தது. அத்தானுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்று நான் வேண்டுமென்று அப்படி நடந்துகொள்ளவில்லை. ஏதோ யோசனையில் இருந்திருப்பேன். மன்னிக்கச் சொல்.

அக்கா, நீ சொன்ன அந்தச் சின்ன மிஷினை இங்கேயும் போய்ப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கிறது. உள்ளே கம்பி சுற்றிய காயில் கிடையாது, வெறும் போர்டுதான். இரும்புத்தூள் பட்டால் போர்டு போய்விடும் என்று சொல்கிறார்கள். கைப்பிடியும் கிரில்லும் அடிக்கிறவனுக்கு காப்பர் வைண்டிங் மிஷின்தான் சரி. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், காப்பரா அலுமினியமா என்று எனக்கு மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. தூக்கிப் பார்த்தால் போதும். கனமாக இருந்தால் காப்பர். லேசாக இருந்தால் அலுமினியம். என் கை பொய் சொல்லாது.

லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒருவர் பட்டறையை மூடுகிறார். அவருடைய மிஷின் விலைக்கு வருகிறது. பச்சை பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி வைத்திருக்கிறார். நாளை போய்ப் பார்க்கிறேன். மீதி விவரம் வாங்கிய பிறகு.

பணிவுடன் தம்பி

*

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? உன் கடிதம் இப்போதுதான் வந்தது. படித்த கையோடு எழுதுகிறேன். இது வருவதற்குள் நீ வாங்கியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

யாரோ விற்கிற பழைய மிஷின் வேண்டாம். பெயிண்ட் அடித்ததென்றால் எதையோ மறைக்க அடித்தது. சலவைக்கூடத்தில் எங்கள் முதலாளி இப்படித்தான் பளபளவென்று ஒரு பழைய இஸ்திரி மிஷினை வாங்கினார். மூன்றாம் நாள் அது மூன்று சட்டையைச் சாப்பிட்டது.

கடிதம் வரும்வரை பொறுக்க முடியாமல் நேற்று உனக்கு நாலு தடவை போன் போட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாய். "மிஷின் வாங்கியாச்சாடா?" என்றேன். "நல்லா இருக்கேன்க்கா" என்றாய். "டேய், வாங்கியாச்சான்னு கேக்கறேன்!" என்று கத்தினேன். "சரி சரி, சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாய். யாரிடம் என்னத்தைச் சொல்லப்போகிறாய்? பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தத் தகரக் கூரையை மாற்றித் தொலை.

அவசரமாக,
அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தான் நலமா? கால் வீக்கம் குறைந்ததா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

மிஷின் வாங்கிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே வாங்கிவிட்டேன். பச்சை நிறம். நல்ல கனம். பட்டறைக்குள் இறக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. பில் என்று தனியாக இல்லை, தெரிந்தவர்களுக்குள் அதெல்லாம் கேட்பதில்லை.

வேலைக்குக் குறைவில்லை. தினமும் காலையில் போய் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புகிறேன். மேஸ்திரி கட்டடத்துக் கைப்பிடி நன்றாக வருகிறது. தையல்கடை அம்மாவும் என்மேல் ரொம்பப் பிரியமாக இருக்கிறார். விளக்கு மங்குவதேயில்லை. மூன்று வாரமாக ஒரு திட்டுகூட வாங்கவில்லை.

கண் எரிகிறது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி

*

மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தை அத்தான் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "நல்ல கனம்" என்ற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கும் கனமான சாமான் என்றால்தான் நம்பிக்கை. ஆண்களுக்கு இது ஒரு வியாதி.

பில்லைப் பற்றி இனிமேல் நான் வாய் திறக்கப்போவதில்லை. நீ வாங்கிவிட்டாய், அது ஓடுகிறது, அது போதும். கீழ்த்தளத்து வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். பரவாயில்லை, படியேறுவது உடம்புக்கு நல்லதாம். அத்தான் கண்டுபிடித்த வைத்தியம் இது.

அவருக்கு அடுத்த மாதம் நாலு நாள் விடுப்பு இருக்கிறது. அங்கே வந்து மிஷினைப் பார்க்க வேண்டும் என்கிறார். என் காலை நீட்டி வைக்க ஒரு சின்ன இரும்பு ஸ்டாண்டு உன் கையால் அடித்து வாங்கி வரப்போகிறாராம். அளவுகூட எடுத்துவிட்டார். நான் தூங்கும்போது நூல் வைத்து அளந்திருக்கிறார். எப்போது வந்தால் உனக்கு வசதி என்று எழுது.

அன்புடன் அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

நலம். இப்போது வேலை நெருக்கடி. அத்தானை ஏப்ரலில் வர வேண்டாம் என்று சொல். அதற்கடுத்த மாதமும் சந்தேகம்தான். ஸ்டாண்டை நானே அடித்து அனுப்பிவிடுகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனம் வரவில்லை. நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதை அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடிதமே வரவில்லை என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அளவெடுத்த நூல் இன்னும் அலமாரி ஆணியில்தான் தொங்குகிறது.

நேற்று எங்கள் கூடத்தில் பெரிய பிழியும் மிஷினைப் போட்டார்கள். விளக்கெல்லாம் மங்கியது. மங்கினதும் எனக்கு உன் தையல்கடை அம்மா ஞாபகம் வந்தார். சாயங்காலமே மின்சாமான் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "காப்பர் காயில் மிஷின் ஓடினா விளக்கு மங்குமா, மங்காதா?" என்றேன். "பழைய மாடல்னா கண்டிப்பா மங்கும்மா. மங்கலைன்னா அது ஓடலைன்னு அர்த்தம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ முதல் கடிதத்தில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். மிஷின் படுத்த பிறகுதான் அந்த அம்மா நிம்மதியாக நூல் கோர்க்கிறார் என்று நீதான் எழுதியிருக்கிறாய். புது மிஷின் வந்த பிறகும் அவர் நிம்மதியாகவே கோர்க்கிறாரே, எப்படி?

நீ மிஷின் வாங்கினாயா இல்லையா? வாங்கினால் ஓடுகிறதா இல்லையா? பணம் போனால் போகட்டும். இத்தனை நாள் அக்காவைக் கேனைச்சி ஆக்கினாயே, அதுதான் பொறுக்கவில்லை. முந்தாநாள் போனில், "அத்தான்கிட்ட நான் என்னடா சொல்றது?" என்று கேட்டேன். "ஆமாக்கா, ஆமா" என்றாய். இது ஆமாம் போடுகிற கேள்வியா?

உண்மையை எழுது. இல்லையென்றால் எழுதாதே.

அக்கா

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் பதினைந்து நாளாகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். வியர்வையில் எழுத்துக் கலைந்துவிட்டது. ஆனால் எல்லா வரியும் மனப்பாடம்.

மிஷினை வாங்கினேன். அது மூன்று நாள் ஓடியது.

லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் போய்த் தூக்கிப் பார்த்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவ்வளவு கனம். சந்தோஷமாக இருந்தது. ராடு வைத்துப் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது. உன் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் புகை வந்தது. வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றினார். உள்ளே முழுக்க அலுமினியக் கம்பி, மேலே செம்பு நிறத்தில் வார்னிஷ். அடியில் தகரத்தை மடித்து அதற்குள் ஒரு சிமெண்ட் கட்டியை வைத்திருக்கிறார்கள். கனத்துக்கு. என்னை மாதிரித் தூக்கிப் பார்த்து வாங்குகிறவனுக்காகவே வைத்தது. அந்த ஆள் போன இடம் யாருக்கும் தெரியவில்லை.

இதைத்தான் உன்னிடம் மறைத்தேன் என்று நினைப்பாய். இல்லை அக்கா. இதை எழுதியிருப்பேன். தொழில் தெரிந்தவன் தொழிலிலேயே ஏமாந்தான் என்று நீ சிரித்திருப்பாய், நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது.

வைண்டிங் கடைக்காரர் அந்த மிஷினை ஒரு பக்கமாகத் தூக்கிக் குலுக்கினார். அந்தக் கட்டி தகரத்துக்குள் சரியாக நிற்கவில்லை, ஆடியிருக்கிறது. அவர் என்னைப் பார்த்து, "தூக்கறப்பவே உள்ள லொடலொடன்னு சத்தம் போடுதேண்ணே. நீங்க கேக்கலியா?" என்றார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "கேட்டேனே, ஒண்ணும் இல்லைன்னு அவன்தான் சொன்னான்" என்றேன். அவர் கேட்டது என் காதைப் பற்றி. நான் வாயால் கேட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

எனக்குக் கேட்கவில்லை அக்கா. வலது காது போய் மூன்று வருடம் ஆகிறது. இடது காதில் பாதிதான் மிச்சம். சுத்தியலும் கிரைண்டரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. யாருக்கும் தெரியாது. சிரிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பேன், தலையாட்டுகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுவேன். "செவிட்டு ஆசாரி" என்று ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் அதுதான் என் பெயர். அளவு சொன்னால் தப்பாக அடித்துவிடுவான் என்று யாரும் வேலை தர மாட்டார்கள்.

தகரக் கூரையில் ஒரு குறையும் இல்லை. சிக்னல் நாலு கோடும் நிற்கிறது. நீ போன் போட்டால் முதலில் நலம்தான் விசாரிப்பாய் என்று "நல்லா இருக்கேன்" என்பேன். அடுத்து ஏதாவது செய்யச் சொல்வாய் என்று "சரி" என்பேன். அப்புறம் "ஆமா" என்பேன். நீ என்ன கேட்டாய் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அத்தானிடம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து பேசினார். அவர் பக்கம் இடது காதைக் கொடுத்தேன். இடது காதைக் கொடுத்தால் முகம் சுவர்ப்பக்கம் போய்விடுகிறது. அப்படியும் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று திரும்பக் கேட்கவும் வெட்கம்.

மேஸ்திரியின் ஆர்டர் பெரிய பட்டறைக்குப் போய்விட்டது. நான் பொய் எழுதக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். கைப்பிடி நன்றாக வருகிறது என்றது உண்மை. அதைப் பெரிய பட்டறையில் தினக்கூலிக்கு உட்கார்ந்து தேய்ப்பது நான். எனக்கு வந்த ஆர்டரில் நானே கூலியாள். என் பட்டறைப் பலகையைத் தாண்டித்தான் தினமும் நடந்து போகிறேன். தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

உன் காலை நினைத்தால் ஒவ்வொரு படியும் என்மேல் ஏறுகிறது. வேறு என்ன எழுத.

உன் தம்பி

*

மே 19

என் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ சாப்பிட்டாயா?

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்திலேயே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு இஸ்திரியை அப்படியே வைத்ததில் யாருடைய வெள்ளைச் சட்டையோ போய்விட்டது. போகட்டும்.

நீ மட்டும்தான் வெட்கப்பட வேண்டுமா? நீ "நல்லா இருக்கேன்க்கா" என்றதை நான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் நடித்துக்கூடக் காட்டினேன். உன் குரலை அப்படியே கொண்டுவருவேன், தெரியுமா? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்று அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். மூன்று வருடமாக உனக்குக் கேட்கவில்லை. நானும் என்ன என்று கேட்கவில்லை.

கோபமும் இருக்கிறது. செவிடு என்றால் செவிடு. கால் வீங்கினவள் நான் என்ன ஒளிந்துகொண்டா இருக்கிறேன்?

சாயங்காலம் அத்தானிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிய இடம் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். கடிதத்தை வாங்கி அவரே படித்து முடித்தார். பணத்தைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். "எந்தக் காது?" என்றார். "இடது கொஞ்சம் கேக்குமாம்" என்றேன். "அப்ப நான் எதிர்ல உக்காந்திருக்கக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். ஆணியில் தொங்கிய நூலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். வருகிற வியாழக்கிழமை வருகிறார். அவரைத் தடுக்க எனக்கு வழி தெரியாது, உனக்கும் தெரியாது. இருவரும் போய் அந்த டிபன் பாக்ஸ் மிஷினையே வாங்குங்கள். உன் பதினோரு வருட மிஷினின் காப்பரையாவது நல்ல விலைக்குப் போடு. மீதியைத் தவணையில் கட்டலாம், அத்தான் கையெழுத்துப் போடுகிறார். சத்தம் ஏதாவது வருகிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார். அந்த சிமெண்ட் கட்டியை எறிந்துவிடாதே. பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆகும்.

இனிமேல் போன் போட மாட்டேன்.

அன்புடன் அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம்.

அத்தான் வந்தார், மூன்று நாள் இருந்தார் என்று அவரே சொல்லியிருப்பார். சொல்லாததை நான் சொல்கிறேன். பட்டறைக்குள் வந்ததும் ஸ்டூலை இழுத்து என் இடது பக்கம் போட்டுக்கொண்டார். டீக்கடையிலும் அந்தப் பக்கம்தான். தெருவில் நடக்கும்போதுகூட நான் திரும்பினால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிடுகிறார்.

மின்சாமான் கடையில் அவர் மிஷினைத் தூக்கிக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். கடைக்காரர் பயந்துபோய்விட்டார். பில் இருக்கிறது. இத்துடன் ஒரு பிரதியும் வைத்திருக்கிறேன், பத்திரம். உன் ஸ்டாண்டுதான் முதல் வேலை. அத்தான் நூலைப் பிடிக்க நான் வெட்டினேன். வெல்டிங் அடித்தபோது தையல்கடை அம்மா கடையைப் பார்த்தேன். விளக்கு மங்கவில்லை. அந்த அம்மாவே வெளியே வந்து, "நிஜமாவே வேலைதான் நடக்குதா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேஸ்திரியிடம் நானே போய், அளவை எழுதிக் கொடுத்தால் வேலை எடுப்பேன், எனக்குக் காது கேட்காது என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பெரிய பட்டறைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போகிறேன்.

கிளம்புகிற அன்று அத்தான் பேருந்து நிலையத்தில் என்னிடம் ஏதோ சொன்னார். ஒரே இரைச்சல். அவர் உதடும் தெரியவில்லை. வழக்கம்போல "சரி அத்தான்" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். "கேக்கல அத்தான்" என்றேன். இந்த மூன்று வருடத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, இடது பக்கம் வந்து, காதருகில் குனிந்து, மறுபடி சொன்னார்.

"பசிக்குதுடா, ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போகலாமான்னு கேட்டேன்."

ஸ்டாண்டில் கால் சரியாக நிற்கிறதா? உயரம் போதாவிட்டால் எழுது.

உன் தம்பி